கற்பூரத்துக்கு முன்னால் ஒரு மதர்போர்ட்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பையோடு வந்து இறங்குவான். இறங்கியவனுக்கு முதல் வருசம் ராச மரியாதை. பெரிய மீன் துண்டு அவனுக்கு, ஃபேனுக்குக் கீழே இருக்கும் கதிரை அவனுக்கு. ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கிணற்றடிக்குப் போனால் "ஐயோ, நீங்க விடுங்க மருமகன்" என்று வாளியைப் பறிப்பார்கள். தேங்காய் உரிக்கக் குனிந்தால் தேங்காயைப் பறிப்பார்கள். இப்படி எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் ஏதாவது ஒரு விசயத்திலாவது பண்டிதன் என்று பெயர் எடுத்தே ஆகவேண்டும்.

நான் கிரானிலிருந்து ஆரையம்பதிக்கு வந்து இறங்கியவன். எங்கள் ஆட்களுக்கு வட்டை, வாய்க்கால், வெள்ளாமை மூன்றும் தெரியும். (எனக்கு மூன்றும் தெரியாது.) மனைவி வீட்டில் வயலே இல்லாதபடியால் அந்தக் குறை வெளியே வரவில்லை. கலியாணப் பேச்சின்போது என் பெரியப்பா, பையனுக்கு ஏதாவது சிறப்புச் சொல்லவேண்டுமே என்று, "பொடியன் கொம்பியூட்டர்ல விண்ணன், பெரிய கெட்டிக்காரன்" என்று சொல்லி வைத்தார். அலுவலகத்தில் பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை நான் இரண்டொரு தடவை இழுத்து எடுத்திருந்தேன். ஆதாரம் அவ்வளவுதான். ஆனால் பெண் வீட்டில் அதைச் சாதகத்தோடு சேர்த்து எழுதி வைத்ததுபோல நம்பினார்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்த விண்ணன் பட்டம்தான். அது போனால் நான் ஃபேனுக்குக் கீழே சும்மா இருந்து மீன் தின்னும் ஒருவன். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

இந்த இடத்தில் என் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமி பழைய ஒழுங்கில் வளர்ந்தவர். மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. நான் இரண்டடி தள்ளி நின்றாலும், "அவருக்குச் சோறு போடட்டா எண்டு கேளு புள்ள" என்று மகளிடம்தான் சொல்வார். என் மனைவி சுகந்தி படிப்பிக்கப் போய்விட்டால், பொறுப்பு வீட்டுப் பூனைக்கு வரும்.

"பூன, தேத்தண்ணி மேசையில இரிக்கி. ஆறிப்போனா மறுகா என்னக் குற்றம் சொல்லப்படாது."

நானும் பூனையைப் பார்த்து, "குடிக்கிறன் எண்டு சொல்லு" என்பேன். பூனை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். கலியாணம் முடித்து மாதக் கணக்காகியும் மாமி என்னிடம் நேரே ஒரு சொல் சொன்னதில்லை. வெறுப்பு ஒன்றுமில்லை. சோற்றுக் கோப்பையில் அவர் அள்ளிப் போடுகிற அளவைப் பார்த்தால் வெறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படியிருக்கையில்தான் விண்ணன் பட்டத்தை உறுதிப்படுத்தும் நோக்கத்தோடு, ஒரு கொம்பியூட்டரைத் துண்டு துண்டாக வாங்கி நானே பூட்டுவது என்று தீர்மானித்தேன். உண்மையான நோக்கம் கார் ஓட்டும் கேம் விளையாடுவது. அது சுகந்திக்கு மட்டும் தெரியும். மாமாவிடம், "வீட்டுப் பிளான் கீறலாம் மாமா" என்று சொல்லி வைத்தேன். மாமா தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர். செய்தி என்று ஒன்று கையில் கிடைத்தால் அதை அன்றைக்கே விநியோகித்து முடிக்காமல் அவருக்கு நித்திரை வராது. பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, நான் பிளான் கீறுகிறவன்.

கொம்பியூட்டரில் மற்ற எல்லாப் பாகமும் வந்து குந்துகிற பலகைதான் மதர்போர்ட். புரொசெசர் அதில் குந்தும், ராம் அதில் செருகும், கரண்ட் அதற்குள்ளால்தான் எல்லா இடத்துக்கும் போகும். ஆகவே அதைத் தெரிவு செய்வதில் நான் காட்டிய கவனத்தை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. வாரக் கணக்காக வீடியோ பார்த்தேன். எந்தப் புரொசெசர் எந்தப் போர்ட்டின் குழியில் இறங்கும், எந்த ராம் எதனோடு ஒத்துப்போகும், எது சூடு தாங்கும் என்று சாப்பாட்டு மேசையில் ஓயாமல் பேசினேன்.

"நம்மட பொருத்தத்தக் கூட நீங்க இவ்வளவு பாக்கல்ல" என்றாள் சுகந்தி.

மட்டக்களப்பு டவுனில் கடை வைத்திருந்த ரமணன் என்ற தம்பி, மாமாவுக்குத் தெரிந்தவர். அவர் அலங்காரம் ஒன்றுமில்லாத ஒரு போர்டை எடுத்துக் காட்டி, "அண்ணன், உங்கட தேவைக்கு இது காணும்" என்றார். நான் அந்தப் போர்டை ஒரு பார்வை பார்த்தேன். அதில் லைட் இல்லை. பக்கத்துக் கண்ணாடி அலுமாரியில் இருந்த கறுப்புப் போர்டில், கரையெல்லாம் நீலமும் சிவப்பும் மின்னும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

"அதுதான் வேணும். மின்சாரப் பாதை அதில நல்லாப் பிரிச்சு விட்டிருக்கான்" என்றேன். (இந்த வசனத்தை வீடியோவில் ஒருவர் சொன்னார். அவருக்கு அது விளங்கியிருக்கும்.)

வீட்டில் மாமா பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "பிளான் கீறுறதுக்கு லைட் என்னத்துக்கு மருமகன்?" என்று கேட்டார்.

"இருட்டில கீறேக்க கண்ணுக்கு நல்லம் மாமா."

மாமா அதையும் விநியோகித்தார்.

பூட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பத்தரைக்குப் பிறகு நல்ல நேரம் என்று மாமா கலண்டர் பார்த்துச் சொல்லியிருந்தார். ஒழுங்கையில் இருந்த நாலைந்து வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார். நான் முன் அறையில் பாய் விரித்து, பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். வீடியோக்காரர் கேசிங்கைத் திறந்து ஆயத்தம் செய்கிற இடம் நீளமாக இருந்தபடியால் அதைத் தள்ளி ஓட்டிவிட்டேன். (ஆயத்தத்தை ஓட்டிவிட்டு முடிவைப் பார்ப்பது என் பிறவிக் குணம். என் பரீட்சைப் பெறுபேறுகளும் இதைச் சொல்லும்.) கேசிங்கின் தகட்டில் துளைகள் இருந்தன. போர்டிலும் துளைகள் இருந்தன. துளைக்கு மேல் துளையை வைத்து ஸ்குரூவை இறுக்கினேன். ஒரு மனிதன் வேறென்ன செய்வான்?

பின்பக்கத்தில்தான் சின்னச் சிக்கல். வயர் செருகும் வாய்கள், கேசிங்கின் திறப்புக்கு நேரே வராமல் ஒள்ளுப்பம், ஒரு நூல் அளவு, பதிந்து நின்றன. கேசிங் செய்தவன் அளவில் பிழை விட்டிருக்கிறான் என்று முடிவெடுத்து, பெரிய மனதோடு அவனை மன்னித்தேன். கிராபிக்ஸ் கார்டும் நேராக நிற்க மறுத்தது. அதை அமத்தி நிற்க வைத்தேன். இரண்டு இடத்தில் அந்தப் பெட்டி எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறது. இரண்டு இடத்திலும் நான் அதைவிடப் பெரியவனாக நடந்துகொண்டேன்.

ஆட்கள் வந்து குந்தினார்கள். தேத்தண்ணி வந்தது. சுகந்தி போனில் படம் பிடிக்க ஆயத்தமாக நின்றாள். மாமி அடுப்படிப் பக்கம், குசினி வாசலில் நிலையோடு சாய்ந்து நின்றார். மாமா கையைக் காட்ட, நான் சுவிட்சைத் தட்டினேன்.

உள்ளே ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.

"முடிஞ்சிதா?" என்று முன்வீட்டு அக்கா கேட்டார்.

"இது சோதிச்சுப் பாக்கிறது. ரெண்டாம் தரம்தான் எரியும்" என்றேன்.

இரண்டாம் தரமும் அரைச் சுற்று. மூன்றாம் தரமும் அரைச் சுற்று. அதன் பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்ப, மற்றவர்களும் "மறுகா வாறம்" என்று எழும்பினார்கள். முன்வீட்டு அக்கா படியில் இறங்கும்போது, "இருட்டிலதான் எரியுமாக்கும்" என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அந்த நிலைமையில் ஒரு விண்ணன் சொல்லக்கூடியது ஒன்றுதான். சொன்னேன்.

"மாமா, மதர்போர்ட் பழுது."

மாமாவின் முகம் சிவந்தது. எனக்காகத்தான் சிவந்தது. "நம்மட மருமகனுக்குப் பழுதத் தந்திட்டானா அவன்?" என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அன்று கடை பூட்டு என்று சொல்லி நிப்பாட்டவேண்டி இருந்தது. மறுநாள் நான் அரைநாள் லீவு போட்டேன். போர்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஓட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டினோம். ரமணன் போர்டை அது வந்த மட்டைப் பெட்டிக்கு மேலேயே வைத்து, வயரைக் கொடுத்துத் தட்டினார். நீலமும் சிவப்பும் குதித்து எரிந்தன.

"வேலை செய்யுதே அண்ணன்."

"இஞ்ச செய்யும். வீட்ட செய்யாது" என்றேன். மாமா தலையை ஆட்டி அதற்குச் சாட்சி சொன்னார். ரமணன் நல்லவர். தர்க்கம் பண்ணாமல் அதே மாதிரி வேறொரு போர்டையும் தட்டிக் காட்டி மாற்றித் தந்தார். கொண்டுவந்து, அதே துளைகளில், அதே பலத்தோடு இறுக்கினேன். அரைச் சுற்று.

அடுத்து வந்த நாட்களில் ஆரையம்பதியில் என் கொம்பியூட்டருக்குச் சொல்லப்படாத காரணம் இல்லை. வீடியோவில் ராமைக் கழற்றித் துடைக்கச் சொன்னார்கள். சுகந்தி படிப்பிக்கக் கொண்டுபோகிற அழிறப்பரால் அதைத் தேய்த்துத் தேய்த்து, அழிறப்பர் முடிந்தது. மாமாவின் கூட்டாளி ஒருவர் வாவிப் பக்கத்து உப்புக் காற்று என்றார். வேறொருவர் எர்த் சரியில்லை என்றதால், மாமா ஆள் பிடித்து வீட்டுக்குப் புதிதாக எர்த் கம்பி இறக்கினார். கண்ணூறு என்று முன்வீட்டு அக்கா சொன்னார். அதற்கும் மிளகாய் சுற்றிப் போட்டோம். எல்லாரும் இருமினோம். கொம்பியூட்டர் அரைச் சுற்றோடு நின்றது. நான் ஒவ்வொரு காரணத்தையும் கவனமாகக் கேட்டு, "அதுவும் இருக்கலாம். ஆனா அடிப்படையில போர்ட் பழுது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசையில் மீன் துண்டு சிறிதாகிக்கொண்டு போகிறதா என்று கவனித்தேன். அப்படித்தான் தெரிந்தது. (மனப்பிரமையாகவும் இருக்கலாம்.)

கடைசியில் மாமா ரமணனை வீட்டுக்கே கூப்பிட்டார். கடைக்காரரே வந்து எல்லார் முன்னிலையிலும் பார்த்து, பழுது என்று ஒப்புக்கொள்ளட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அது கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்திருந்த கிழமை. வருசத்தில் அந்தச் சில நாட்கள்தான் அம்மன் வாசல் திறந்திருக்கும். ஊரில் மீன் காய்ச்ச மாட்டார்கள், உரத்துச் சண்டை பிடிக்க மாட்டார்கள். மாமா நடத்தியது சண்டை இல்லை, விசாரணை என்று அவரே சொன்னார். பூட்டிய அன்று வந்த அதே ஆட்கள் விசாரணைக்கும் வந்து குந்தினார்கள்.

ரமணன் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன்மையாகத்தான் தொடங்கினார். "ஐயா, ரெண்டு போர்டும் என்ட கடையில எரிஞ்சது. அண்ணன் பூட்டேக்க ஏதாவது ஒண்ட விட்டிருப்பார். துறந்து பாப்பம்."

"எங்கட மருமகன் விடுற ஆளில்ல" என்றார் மாமா.

"விட்டிருந்தா ஒண்டும் குற்றமில்ல ஐயா, எல்லாருக்கும் வாறதுதானே."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒழுங்கை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பெட்டியில வந்த எல்லாத்தையும் நான் போட்டன். ஒரு ஸ்குரூ மிச்சமில்ல" என்றேன். குரல் நன்றாகவே எழும்பியது.

மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. "கேட்டீங்களா தம்பி? இதுக்கு மேல என்ன வேணும்? அம்மன் கதவு துறந்த நேரம், மருமகன் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுவார். இஞ்சாருகா, கற்பூரத்தக் கொழுத்திக் கொண்டு வா!" என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் எங்கள் பக்கத்தில் விளையாட்டு இல்லை. காணிச் சண்டையில்கூட அந்த இடம் வந்தால் ஆட்கள் சமாதானமாகப் போய்விடுவார்கள். "வேணாம் ஐயா, நான் இன்னொரு போர்ட் தாறன்" என்று ரமணன் எழும்பியே விட்டார். சுகந்தி அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆனால் நான் எல்லாவற்றையும் போட்டதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? அதோடு, இப்போது பின்வாங்கினால் விண்ணன் அன்றோடு சரி. வலது கையை உயர்த்திக்கொண்டு ஆயத்தமாக நின்றேன்.

குசினிக்குள்ளிருந்து மாமி வந்தார். கையில் கற்பூரத் தட்டு இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மகளைத் தாண்டி வந்தார், மாமாவைத் தாண்டி வந்தார், பூனை வாசலில் படுத்திருந்தது, அதையும் தாண்டி வந்தார். எனக்கு நேரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னோடு கதைத்தார்.

"கைய இறக்குங்க மருமகன். மிச்சம் இரிக்கி."

இறக்கினேன்.

மாமி டின்னைத் திறந்தார். உள்ளே அவருடைய பழைய தோடு ஒரு சோடி, சுகந்தி சின்னப்பிள்ளையில் போட்ட கால்சலங்கை, அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய பொலித்தீன் பை. பைக்குள் விரல் நுனி அளவான பித்தளைக் கால்கள், மஞ்சள் மஞ்சளாக.

"பெட்டி உடைச்ச அண்டைக்குக் குப்பையோட கிடந்தது. பித்தளையாச்சே, பெறுமதியான சாமானாக்கும் எண்டு எடுத்து வச்சன். வேணுமா எண்டு புள்ளையிட்டக் கேட்டு விட்டன். ஒண்டும் வேணாம், எல்லாம் தெரியும் எண்டு சொல்லி விட்டீங்களாம். தெரிஞ்ச ஆள் சொன்னா நான் என்னத்தச் சொல்ற? ஆனா சத்தியம் எண்டா அது வேற. புள்ள வயித்தில இரிக்கி. பொய்ச் சத்தியம் இந்த வீட்டில விழப்படாது."

சுகந்தி கேட்டது எனக்கு நினைவில்லை. காதில் ஹெட்போனோடு வீடியோ பார்க்கும்போது கேட்டாளாம். நான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னேனாம். அப்படிச் சொல்லக்கூடியவன்தான் நான்.

ரமணன் அந்தப் பையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன். "இதத்தான் அண்ணன் முதல்ல தகட்டில பூட்டுற. இதுக்கு மேலதான் போர்ட் நிக்கும். இல்லாட்டி போர்டுக்கு அடியில இருக்கிற ஈயமெல்லாம் இரும்பில முட்டும். முட்டினா சோர்ட் சேர்க்கிட். பவர் சப்ளை பயந்து தன்னத் தானே நிப்பாட்டிரும்." அவ்வளவையும் என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு கால்களைப் பூட்டி, போர்டை மேலே வைத்தார். பின்பக்கத்து வாய்கள் திறப்புகளுக்கு நேரே அச்சொட்டாக வந்து நின்றன. கிராபிக்ஸ் கார்ட் அமத்தாமலே இறங்கியது. கேசிங் செய்தவனிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சுவிட்சைத் தட்டியதும் நீலமும் சிவப்பும் கூடம் முழுக்க ஓடின. யாரும் கை தட்டவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மாமா விநியோகிக்க விரும்பாத முதல் செய்தி அது. பின்னர் ரமணனின் தோளில் கை வைத்து, "தம்பி, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்" என்றார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் முறை அது. ரமணனும் முறை தெரிந்தவர். மரக்கறிச் சாப்பாடுதான் என்றாலும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

நான் வெட்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அடுத்த விசயம் தெரிய வந்தது. ஒரு தரம் வாய் திறந்தபின் மாமிக்கு அதை மூடுகிற எண்ணம் இல்லை. மாதக் கணக்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் என் கோப்பைக்கு முன்னால் நின்றபடியே வரிசையாக வந்தது.

"ஒள்ளுப்பமாத்தான் சாப்பிடுறீங்க. ஈரத் துவாயக் கதிரையில போடாதீங்க, கதிரை ஊதுது. குறட்டை விடுறீங்க, இடப்பக்கமாப் படுத்துப் பாருங்க. பிளான் கீறுறன் எண்டீங்க, அது கார் ஓட்டுற விளையாட்டெண்டு எனக்குத் தெரியும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பருப்பைப் பார்த்தேன்.

அது நடந்து வருசங்கள் ஆகிவிட்டன. மாமி அன்று தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்கு இப்போதுதான் இடம் இருக்கிறது. வாளியை யாரும் பறிப்பதில்லை, தேங்காயை நானே உரிக்கிறேன். விண்ணன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பட்டத்துக்காக நான் எவ்வளவு பயந்து செத்தேன் என்று நினைக்கச் சிரிப்பாகத்தான் வருகிறது. ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் நிலைத்துவிட்டது. எந்த பஸ் முதலில் வரும் என்று நான் அடித்துச் சொன்னாலும் சரி, கிரிக்கெட்டில் யார் வெல்வான் என்று பந்தயம் கட்டினாலும் சரி, மாமா பேப்பரை இறக்காமலே, "கைய இறக்குங்க மருமகன்" என்பார். ரமணனின் கடைக்குப் போனால் அவரும் அதையே சொல்லித்தான் கதிரையைத் தள்ளுகிறார்.

போன கிழமை என் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தேன், துண்டு துண்டாக இருப்பதைப் பூட்டி எடுப்பது. அன்று வயிற்றில் இருந்தவள் இவள்தான். அவள் பெட்டிக்குள் இருந்த படத்தாளை விரித்துவைத்து வாசிக்கத் தொடங்கினாள். "அது தேவையில்ல மகள், அப்பாவுக்குத் தெரியும்" என்று கையை நீட்டினேன்.

அவள் தலை நிமிர்த்தவில்லை. எனக்கு அவள் என்ன முறை என்பதைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கைய இறக்குங்க மருமகன்" என்றாள்.